மறுமுனை

ராயக்கோட்டையில் என் மண்டி வாசலில், தக்காளி லாரிக்குத் தார்ப்பாய் கட்டக் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு டிரைவர் மறுபக்கம் போனான். நனைந்த கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் தூத்துக்குடியின் பாய்த்தோணி நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அந்தத் தோணிகளே இல்லை. பன்னிரண்டு வயதில் நானும் என் வயதுக் கூட்டாளி சூசையும் அதில் வேலைக்கிருந்தோம். பாய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், காற்றிரைச்சலில் கூப்பிட்டால் கேட்காதென்று கயிற்றை இரண்டு முறை சுண்டுவேன், பதிலுக்கு அவன் சுண்டிய பிறகுதான் இழுப்பேன். கொழும்புக்குப் போகையில் ஒருநாள் பதில் வரவில்லை. இழுத்தேன், கயிறு கனமில்லாமல் என் கைக்கே வந்தது. அவனைக் கடல் கொண்டுபோயிருந்தது.

இன்றும் என்னையறியாமல் இரண்டு முறை சுண்டிவிட்டேன்.

"இந்தாண்டதான் இருக்கேண்ணா, இழுங்க!" என்றான் டிரைவர்.

கயிற்றைப் போட்டுவிட்டு, லாரியைச் சுற்றி ஓடிப்போய் அவனைப் பார்த்தேன்.