கதிரையின் பின்பக்கம்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னிலிருந்து கிரான்பர்ன் போகும் வீதியோரம் இருந்த இரும்புக் கதிரைத் தொழிற்சாலை ஒன்றில் நானும் கணவரும் வேலை செய்தோம். யாழ்ப்பாணத்தில் அவர் பௌதிக ஆசிரியர். இங்கே கதிரைகளைக் கொக்கிகளில் மாட்டுவது அவர் வேலை. மாட்டியவற்றுக்குப் பெயின்ற் அடிப்பவள் நான்.

என்னிடம் பெயின்ற் தூவும் ஸ்பிறே கன்கள் இரண்டு இருந்தன. ஒன்றுக்குக் குவளை கீழே. காற்று பெயின்ற்றை உறிஞ்சி எடுக்கும். நிறையக் கொள்ளும், ஆனால் பாரம். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். மற்றதற்குக் குவளை மேலே. பெயின்ற் தானாக இறங்கும், கைக்கு அடக்கம், கடைசிச் சொட்டுவரை வரும். ஆனால் அடிக்கடி நிரப்ப வேண்டும். எதை எடுத்தாலும் பாதிப் பெயின்ற் அந்த மெல்லிய குழாய்க் கால்களுக்கு இடையால் போய்ச் சுவரில்தான் படியும். முன்னுக்கு அடித்துவிட்டு, சுற்றிப் போய்ப் பின்னுக்கும் அடிக்க வேண்டும்.

ஒருநாள் காலை விற்பனையாளர் ஒருவர் மூன்றாவது வகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்து தடித்த வயர் ஒன்று ஒரு பெட்டிக்குப் போனது. முதலாளி என்னையே அடித்துப் பார்க்கச் சொன்னார்.

"முன்னால் மட்டும் அடியுங்கள். நகர வேண்டாம்," என்றார் விற்பனையாளர் ஆங்கிலத்தில்.

அடித்தேன். கதிரையைத் தாண்டிப் போன தூவல், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி வந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். நான் அடிக்கவே இல்லாத பக்கம். கால் முழுவதும் பச்சைப் பெயின்ற். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா ஓடி வாங்கோ!" என்று கத்தியே விட்டேன்.

கணவர் வந்து குனிந்து பார்த்தார்.

"பெயின்ற்றுக்கு மின்னேற்றம் குடுக்கினம். கதிரையைக் கொக்கி வழியா எர்த் வயரோடை இணைச்சிருக்கினம், அதுதான் இழுக்குது," என்றார். "பன்ரண்டு வருசம் இதைப் படிப்பிச்சனான். தலையிலை தேய்ச்ச சீப்பும் கடதாசித் துண்டும்தான் காட்டினது. இப்பிடி ஒருநாளும் காணேல்லை."

உடனே, "ஆனா உள்மூலைக்குப் போயிராது, வெளி விளிம்புகளே எல்லாத்தையும் இழுத்துப்போடும். இருக்கைக்குக் கீழை பாரும்," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். தகடுகள் சேரும் இடத்தில் வெறும் இரும்பு தெரிந்தது. அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். விற்பனையாளரின் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று முதலாளி கணவரைக் கேட்டார். இரண்டு வருடத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நான் பௌதிக ஆசிரியன்," என்றார் இவர்.

அந்தக் கன் வாங்கப்பட்டது. கால்களுக்கு அதைப் பிடித்தேன். உள்மூலைகளுக்கு மேல்குவளைக் கன். பெட்டியையும் எர்த் வயரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளி கணவரிடம் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு கதிரைக்கும் நான் பெயின்ற் அடித்து முடித்ததும், இருவரும் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தோம்.