பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஆயுசு பூரா பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரில் முட்டப்போனால் அதை மிதிப்பார்.

அந்தக் காருக்கு வயசாகிவிட்டது. “ரிப்பேர் செஞ்சா உங்க சொத்தையே கேக்கும்க்கா. கழட்டிப் பார்ட் பார்ட்டா வித்துடலாம்,” என்றார் மெக்கானிக்.

“உயிரோட இருக்கறப்பவே கூறு போடறதா?” என்று இவர் எகிறினார். சரி, முழுசாகவே விற்றுத் தொலைப்போம் என்று முடிவானது.

வாங்க வந்த ரெண்டு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும், பக்கத்தில் இருந்த இவர் பழக்கதோஷத்தில் பிரேக்கை அழுத்தினார். “வண்டி இழுக்கவே மாட்டேங்குதே,” என்று இருவரும் நடையைக் கட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் வேலைக்குப் போறேன்னப்பவும் குறுக்க வந்தது இதே கால்தான். பொண்ணு வெளியூர்ல படிக்கறேன்னப்பவும் இதே கால்தான். அடுத்த ஆள் வந்தா நீங்க வீட்டுலயே கிடங்க. நான் போறேன்,” என்றேன்.

அடுத்து ஒரு டீச்சர் வந்தார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். தெருமுனை தாண்டியதும் வண்டி பறந்தது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன், எங்கள் வீடு கண்ணுக்கு மறைந்திருந்தது.

வண்டி குலுங்கி நின்றது.

“என்னங்க, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?” என்றார் டீச்சர்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.