வீட்டுக் காரில் ரேஸ் தண்டு

உபைதுல்லாவின் கார் வருவதைக் காலடிப்பேட்டையில் யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். மாடி வீட்டுக் குப்பம்மா, "பாய் வந்துட்டாரு" என்று சொல்லி உலையில் அரிசியைப் போடுவாள்.

அவருக்கு ராயபுரத்தில் பட்டறை. ரேஸ் கார்களுக்கு கேம் ஷாஃப்ட் சாணை பிடித்துத் தருகிறார். இன்ஜினுக்குள் சுழலும் தண்டு அது. அதில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் மேடுகள்தான் வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. மேட்டின் வடிவத்தை மாற்றினால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். இன்ஜின் பேயாய்ப் பறக்கும். மெதுவாகப் போனால் மட்டும் திணறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்தே போகும். ரேஸில் யார் காலை எடுக்கப் போகிறார்கள்?

நெரிசல் பிடித்த மணலி ரோட்டில் எல்லோரும் எடுக்கத்தான் வேண்டும். இது தெரிந்தும் உபைதுல்லா, வீட்டிலிருந்த பழைய சின்னக் காருக்கு ரேஸ் தண்டைத்தான் மாட்டியிருந்தார். ஏன் என்று கேட்பவர்களிடம், ஜவுளிக்கடைக்காரன் கிழிந்த சட்டை போட்டுத் திரியலாமா என்று திருப்பிக் கேட்பார். போன பெருநாளன்று, நடுரோட்டில் நின்றுபோன வண்டியைப் பட்டுச் சேலையோடு தள்ளிய மனைவி சாபிராவிடம் மட்டும் அப்படிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதனால் இந்த முறை புழலில் தன் அக்கா பதுருன்னிசா வீட்டு விருந்துக்குக் கிளம்பும்போது சாபிரா ஒரு நிபந்தனை போட்டாள். போய்ச் சேர்வதற்குள் வண்டி ஒரு தடவை அணைந்தாலும் ரேஸ் தண்டைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த கம்பெனித் தண்டை மாட்டிவிட வேண்டும். அணையாமல் போனால், தண்டைப் பற்றி அவள் இனி வாயே திறக்க மாட்டாள். கம்பெனித் தண்டு போட்ட காரில் பட்டறை வாசலில் போய் இறங்குவதை உபைதுல்லாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருந்தாலும் சரியென்றார்.

மணலியில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. உபைதுல்லா ஆக்சிலேட்டரை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். கார் உதறியது. சாபிராவின் மடியில், அக்காவுக்கு எடுத்துப் போன தம்ரூட் இனிப்பு டப்பாவும் உதறியது.

"இன்னா பாய், வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றான் பக்கத்து லாரி டிரைவர். "சித்த ஆஃப் பண்ணி வையேன். காது பேஜாராகீது."

அவர் அசையவில்லை. ஆனால் லாரிகளும் அசையவில்லை. கடைசியில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவர் கதவைத் திறந்து, குனிந்து, ஆக்சிலேட்டரைக் கையால் அமுக்கிப் பிடித்தபடியே கீழே இறங்கினார். ரோட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பின்புறம்தான்.

"சாபிரா, இப்டி வந்து குந்திக்கினு இதை மிதிமே."

சாபிரா நிதானமாகச் சுற்றி வந்து உட்கார்ந்து, அவர் விரலையும் சேர்த்து மிதித்தாள். விரலை உருவிக்கொண்டு காலை நீவும்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவள் காலைத் தூக்கினால் போதும், பந்தயம் முடிந்தது.

அவள் மெல்லத் தூக்கினாள். இன்ஜின் தடுமாறி, கடைசி மூச்சு விடும் நேரத்தில் மிதித்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி மிதித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. ஒவ்வொரு முறையும் உபைதுல்லாவுக்குத்தான் மூச்சு நின்று வந்தது.

முன்னால் லாரி நகர்ந்தது. அவர் டிரைவர் பக்கக் கதவில் கை வைத்தார்.

"அந்தாண்ட ஏறுங்க," என்றாள் சாபிரா.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. இதுவரை இந்த வண்டியைத் தொட மனம்தான் இல்லாமல் இருந்தது. புழல் வரை ஒரு தடவைகூட அணையவில்லை. தம்ரூட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உபைதுல்லா உதறிக்கொண்டே போனார்.

சாபிரா சொன்ன சொல் தவறவில்லை. தண்டைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மட்டும் திருப்பித் தரவில்லை. இப்போது ஜன்னல் நடுங்கினால் குப்பம்மா, "சாபிராக்கா வந்துட்டாங்கோ" என்கிறாள். உபைதுல்லா ஷேர் ஆட்டோவில் பட்டறைக்குப் போகிறார். சிக்னலில் நிற்கும்போது ஆட்டோ இன்ஜின் ஒழுங்காக ஓடுவதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்.