குறிக்குள் நின்ற என் சொல்

மாங்கேணியில் நாங்கள் தோணிக்குப் போகும் வழியை ஒரு ஹோட்டல்காரர் வேலி போட்டு மறித்தார். ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதித்தர ஒரு பெண் வந்தாள். மெலிந்தவள், எழுதிய ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்து வாசித்துப் பார்ப்பாள்.

“கடலுக்குப் போக நாங்க ஒருத்தரிட்டயும் கேட்டதில்ல,” என்றேன். எழுதியவள், அந்த வரியின் இரு பக்கமும் சின்னக் குறிகள் போட்டாள்.

“இது என்னத்துக்கு பிள்ள?”

“முன்னுக்கு ‘மாங்கேணிப் பெண் சொன்னபடி’ எண்டு எழுதி கமா போட்டுட்டன். அதோட நான் விலகிருவன், அக்கா. குறிக்குள்ள இருக்கிறது உங்கட சொல்லு.”

முறைப்பாட்டை விசாரித்த கூட்டத்தில் அதிகாரி அந்த வரியைத் தமிழில் சொல்லி, யார் சொன்னது என்று கேட்டார்.

“நான்தான் சொன்னன்,” என்று எழும்பி நின்றேன்.

வேலியைக் கழற்றினார்கள். அவளைப் பிறகு காணவில்லை. எனக்குத் தெரியாத மொழியிலும் என் சொல்லை எனக்கே விட்டுவைத்தவள் அவள்.