கோழி ரத்தக் கல்லில் உரைத்த மருந்து

பலராமன் சைகோனிலிருந்து கொண்டுவந்த கல் பன்றிக்கொழுப்பு உறைந்து கிடப்பதுபோல இருக்கும். மஞ்சள் கலந்த வெள்ளை. அதற்குள் சிவப்பு தெறித்திருக்கும், அப்போதுதான் கோழி அறுத்த மாதிரி. அங்கே சீனர்கள் குடியிருக்கும் சோலோன் பகுதியில் ஒரு சீனக் கிழவரின் கடைக்கு அவன் காவல் இருந்தான். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரைகளைக் கிழவர் இந்த மாதிரி மென்மையான கற்களில் செதுக்குவார். சிவப்பு கூடினால் விலை கூடும். அங்கே அதற்குக் கோழி ரத்தக் கல் என்றே பேர். 1936இல் அவன் ஊருக்குக் கிளம்பியபோது, கீறல் விழுந்த துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

சொந்த ஊரான செலியமேட்டில் அதற்கு என்ன வேலை? வெயில் பட்டால் சிவப்பு கறுத்துவிடும் என்று துணி சுற்றிப் பெட்டியில் வைத்தான். மனைவி அம்சவள்ளியிடம் அதை மட்டும் சொன்னான். மற்றதைச் சொல்லத் தோன்றவில்லை.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிழைக்கவில்லை. மூன்றாவது தங்கவேல். குளிப்பாட்டியதும் வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும். உரைகல் பக்கத்து வீட்டு நாத்தனார் காசம்மாளிடம் இருந்தது. கேட்கப் போனாள்.

"ஏன், ஒம் புருசன் கப்பல்ல கொண்டாந்த கல்லு பொட்டில தூங்குதே. அதுல ஒரசறது! எங்க கல்லு உனுக்கு இன்னாத்துக்குடி?"

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள்.

ஊர்க்கல்லில் கை கடுக்கத் தேய்த்தால்தான் மருந்து இறங்கும். இதில் நாலு சுற்றிலேயே விழுது கெட்டியாக வந்தது. லேசான செம்மை. கடுக்காய் நிறம் என்று நினைத்தாள். பிள்ளையும் முகம் சுளிக்காமல் சப்பியது. அந்த வாரம் முழுவதும் அதிலேயே உரைத்தாள்.

கரும்புக் கொல்லையிலிருந்து திரும்பிய பலராமன், கழுவிக் கவிழ்த்திருந்த கல்லை எடுத்தான். நடுவில் குழி.

"இதுல இன்னாடி பண்ண?"

"புள்ளைக்கி மருந்து ஒரசினேன். ஏன்யா அப்பிடிப் பாக்கற?"

"கெட்டியா வந்துதா?"

"ஆமா."

"வந்தது மருந்து இல்லடி. கல்லு."

அவன் கத்தவில்லை. தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் கிழவர் அதைச் செதுக்குவார். தூளைப் பேரன் தொட்டால் கையிலேயே அடிப்பார். இதைப் பலராமன் இப்போதுதான் அவளிடம் சொன்னான்.

பிள்ளையையும் கல்லையும் தூக்கிக்கொண்டு பாகூருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வைத்தியர் சாமிக்கண்ணு சிவப்பை நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தார்.

"லிங்கம்னு ஒரு பாஷாணம் இது. பாதரசம் இதுக்குள்ளதான் கீது. சுத்தி பண்ணாம எவனாவது கொழந்தைக்கிக் குடுப்பானா?"

"தெரியாதுங்க, சாமி," என்றாள் அம்சவள்ளி.

"எச்சி நிக்காம ஊறும். ஈறு வீங்கும். அப்பறம் புண்ணு. வருதான்னு பாத்துக்கினு இரு. தாய்ப்பால் மட்டும் குடு."

மறுநாள் காலை பிள்ளையின் மார்பு நனைந்திருந்தது. எச்சில். கீழ் ஈறு சிவந்து தடித்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியை மாற்றினாள், அதுவும் நனைந்தது. ஈரத்துணிகளைப் பலராமன் கண்ணில் படாமல் கொல்லையில் அலசினாள். அவன் "எப்பிடிகீறான்?" என்று கேட்டபோதெல்லாம் "தூங்கறான்" என்றாள். சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

செய்தி கேட்டுக் காசம்மாள் உரைகல்லோடு வந்தாள். வாசலிலேயே அழுதாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டு வாய்க்குள் விரலை விட்டவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கடிக்கிறான்டி! கூறு கெட்டவளே, பல்லு மொளைக்குது!"

அம்சவள்ளி நம்பவில்லை. தானே தடவிப் பார்த்தாள். அரிசி நுனிபோல ஒன்று விரலில் இடறியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அடுத்த பல்லுக்கும் எச்சில் வழிந்தது. அப்போதும் பயந்தாள். வழிவது பல்லுக்கா கல்லுக்கா என்று யார் சொல்வது? தினமும் விடிந்ததும் பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். போன மாசியில் அவள் இறக்கும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

தங்கவேல் வளர்ந்து கனிமவியல் படித்தான். ஒரு விடுமுறையில் அவளை உட்காரவைத்து விளக்கினான். "அந்தக் கல்லுல இருந்த செவப்பு தண்ணியில கரையாதும்மா. வயித்துல போனாலும் ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். கல்லு பெரும்பாலும் வெறும் களிமண் ஜாதி."

அவள் முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

"செரிப்பா," என்றாள். "வாயத் தொற."