ஒளிரக் கூடாத நெஞ்சு

இருட்டில் ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்சு விளக்குப் போல ஒளிர்ந்தால் அது நல்லதா, கெட்டதா? டார்ச்சக்கா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. "நல்லதுதானே?" என்று இழுத்தேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அதான் பயமா இருக்கு," என்றார்.

பிறந்த குழந்தைகள் வார்டின் மூத்த நர்ஸ் அவர். சட்டைப் பையில் எப்போதும் டார்ச் இருப்பதால் அந்தப் பெயர். வீட்டில் கரண்ட் போனால் மட்டும் டார்ச்சைத் தொட மாட்டாராம், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாராம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டார்ச் வெளிச்சத்தில் ஒரு குழந்தையின் நெஞ்சு ஒளிர்வதை நாலு பேர் வியந்து பார்த்து நின்றார்கள். அதில் அவரும் ஒருவர். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

என் அண்ணன் மகன் குறைமாதத்தில் பிறந்து உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் வெளியே பெஞ்சில். பக்கத்து அறையில் புது நர்ஸ்களுக்கு அவர் வகுப்பு எடுப்பார். அந்தக் கதவு சரியாக மூடாது; இடுக்கு வழியாகப் பார்ப்பேன்.

அன்று, காற்று ஊதிய ரப்பர் கையுறையைத் துணிப் பொம்மையின் சட்டைக்குள் ஒரு பக்கம் செருகினார். விளக்கை அணைத்து டார்ச்சை வைத்ததும் அந்தப் பக்கம் மட்டும் பளீரென்றது.

"ஐயோ, அழகா இருக்குக்கா!" என்றாள் ஒருத்தி. அவளை எல்லாரும் வாயாடி என்பார்கள்.

"அழகு பார்க்கவா வந்தே? நுரையீரல்லேர்ந்து காத்து கசிஞ்சு, நெஞ்சுக்குள்ள நின்னு, நுரையீரலையே அமுக்குது. வெளிச்சம் பரவினா ஊசியைக் குத்திக் காத்தை வெளியே இழு."

"என்னைப் பொண்ணு பார்க்க வர்றவன் நெஞ்சுலயும் டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்கக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் எங்கள் பெட்டியின் மணி அலறியது. டாக்டர் ஆபரேஷன் அறையில். டார்ச்சக்காவின் இரண்டு கைகளும் வேறொரு குழந்தைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தன. "வாயாடி! என் பையிலேர்ந்து டார்ச்சை எடு!" என்று கத்தினார். வெயில் வரும் ஜன்னலின் திரையை இழுத்து, விளக்கை அணைத்தார்கள்.

வாயாடி நெஞ்சில் டார்ச்சை வைத்ததும், கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு பக்கம் முழுக்க அவன் சிவப்பாக ஒளிர்ந்தான்.

வெளியே என் பக்கத்தில் நின்ற அண்ணி வார்டின் கண்ணாடிச் சுவரில் கை வைத்துச் சிரித்தாள். "பாரு, எப்படி ஜொலிக்கிறான்!"

இப்போது எனக்குப் பதில் தெரியும். அண்ணியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியைச் செலுத்தி, காற்றை இழுத்தாள். "பத்தாது, இன்னும் இழு," என்றது டார்ச்சக்காவின் குரல். ஒளி மெல்லச் சுருங்கியது. மேடாக நின்ற நெஞ்சு இறங்கி, மறுபடி அசைந்தது.

காற்று வெளியேற நெஞ்சில் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். அவன் இன்னும் உள்ளேதான். அன்று சாயங்காலம் டார்ச்சக்கா டார்ச்சின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார். "பிழைச்சிட்டான்லக்கா?" என்றேன்.

"இன்னொரு பக்க நுரையீரல் இருக்கே," என்றார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது நர்ஸ் வேலைக்குப் படித்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.