கோர்ட் கொடுத்த சாக்கு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் என் கணவர் சூளை வேலை பார்த்தார். எங்கள் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை அடித்த வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதல் வழக்கு என்பதால் நீதிபதி அம்மா சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு குடிக்காமல் இருக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை எடுக்க வேண்டும், மாதந்தோறும் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தவறினால் சிறை.

மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர் கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று என்னிடமும் சொன்னார்கள். தினமும் என் கண்ணெதிரில்தான் வாயில் போட்டுக்கொள்வார். உண்மையில் விழுங்கினாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம். கேட்கவில்லை.

சில மாதங்களில், பழுதுபார்த்த சூளையை மறுபடி பற்றவைக்கும் நாள் வந்தது. அன்று சூளை வாசலில் சேவல் அறுத்து, பிராந்தி படைத்து, ஆளுக்கொரு வாய் குடிப்பது அங்கே வழக்கம். குடிக்காதவன் சூளையில் அடுக்கிய பீங்கான் ஃபியூஸ் கட்டையெல்லாம் வேகும்போது வெடித்துப்போகும் என்பார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சோறு கொடுக்கப் போவதுபோல் போனேன். மேஸ்திரி அவரிடம் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாயிதான்டா. சாமிக்குப் படைச்சது."

"வேணாண்ணே. ஜட்ஜம்மா உள்ள தூக்கிப் போட்டுடும். அப்பறம் என் ஷிப்ட்டயும் நீதான் பாக்கணும்."

"ஜட்ஜம்மா என்னா, இங்க வந்து மோந்தா பாக்கப்போவுது?"

"அது வராது. தோ நிக்குது பாரு, எங்க வூட்டு ஜட்ஜி. இது மோந்து பாக்கும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்டா நீ" என்று திட்டியபடி, மேஸ்திரி என் கணவரின் பங்கைச் சூளை வாசலில் ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

குடியை விட்டுவிட்டேன் என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். அந்த உத்தரவை எங்கள் குடும்பத்துக்கு வந்த அவமானமாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். நாலு பேர் நடுவில் அவர் ஒதுங்கிக்கொள்ள அது இடம் கொடுத்ததை அன்றுதான் கண்டேன்.

ஓராண்டு முடிந்தது. இனி வர வேண்டியதில்லை என்று அலுவலர் சொன்ன அன்று, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது என் கணவர் கேட்டார்: "இனிமே யாரச் சொல்லித் தப்பிக்கிறது?"

"என்னையே சொல்லுங்க" என்றேன்.

அப்படிச் சொன்னது சரிதானா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒருவருடைய மன உறுதியை இன்னொருவர் எத்தனை காலம் சுமக்க முடியும்? அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு இன்னும் துணிவில்லை. நேற்று வரை குடிக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன், அதுவே பெரிது என்று அந்த ஓராண்டு எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.